திரைக்குப் பின்னால் ஒரு ஏக்கர் குளம்

2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் தரை வெடித்துக் கிடந்தன. சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஜூலை 12 அன்று வில்லிவாக்கத்தில் வந்து நின்ற முதல் ரயில் 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்தது. தெருவில் குடங்கள் வரிசைகட்டி நிற்கும்போது, நட்சத்திர ஓட்டலின் மொட்டை மாடியில் நீலமாகத் தளும்பும் நீச்சல் குளத்தை நினைத்தால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். தண்ணீர்ப் பஞ்சம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அந்தக் குளத்தைத்தான் முதலில் கூண்டில் ஏற்றுகிறோம். வழக்கு நியாயமானதுதான், ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டோம். அதே மாடியில், குளத்துக்கு நாற்பது ஐம்பது அடி தள்ளி, ஒரு தட்டிக்குப் பின்னால், விருந்தினர் கண்ணில் படாமல் கூலிங் டவர் ஒன்று இரவும் பகலும் இரைந்துகொண்டிருக்கிறது. மாடியில் தண்ணீரைக் குடித்துத் தீர்ப்பது அதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். கணக்குக்குப் பள்ளிக்கூட இயற்பியலே போதும்.

சென்னையில் ஒரு ஓட்டல் என்று வைத்துக்கொள்வோம். 250 அறைகள், இரண்டு உணவகங்கள், ஒரு விருந்து ஹால், மாடியில் 15 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள குளம். மாடிக் குளங்கள் பெரும்பாலும் மார்பளவைத் தாண்டுவதில்லை. ஆழம் 1.2 மீட்டர் என்றால் கொள்ளளவு 1,80,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரிக்கு 15 லோடு. குளம் ஆழமில்லாமல் இருப்பதற்குக் காரணம் எடை. ஓட்டல் படுக்கையறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமை தாங்கினால் போதும் என்று வடிவமைக்கிறார்கள். 1.2 மீட்டர் தண்ணீரோ அதே சதுர மீட்டரில் 1,200 கிலோவாக உட்காருகிறது. ஆழத்தைக் கூட்டக் கூட்ட, கீழே ஒவ்வொரு மாடியின் தூணும் பருத்துக்கொண்டே போக வேண்டும். சிங்கப்பூரில் 2010-ல் திறந்த மரீனா பே சாண்ட்ஸ் ஓட்டல், மூன்று கோபுரங்களின் தலையில் 150 மீட்டர் நீளக் குளத்தைத் தூக்கி வைத்திருக்கிறது. காற்றில் மூன்று கோபுரங்களும் ஒன்றுபோல அசையாது என்பதால் குளத்துக்கு அடியில் நகர்ந்துகொடுக்கும் இணைப்புகளை அமைத்தார்கள். விளிம்பே இல்லாமல் தண்ணீர் வானத்தோடு சேர்வதுபோல் தெரிகிறதே, அதுவும் மாயமல்ல. தண்ணீர் ஒரு பக்கச் சுவரின் மேல் மெல்லிய ஏடாக வழிகிறது, பார்ப்பவருக்குத் தெரியாத வாய்க்காலில் விழுகிறது, அங்கிருந்து ஒரு தொட்டிக்குப் போய், வடிகட்டியைக் கடந்து மறுபடி குளத்துக்கு ஏறுகிறது. வழிவதைப் பார்த்து ‘இவ்வளவும் வீணா’ என்று பதற வேண்டாம். ஒரே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது.

அந்த 1,80,000 லிட்டர் ஒருமுறை நிரப்புவது. ஒழுங்காகப் பராமரித்தால் ஆண்டுக் கணக்கில் குளத்தைக் காலி செய்ய வேண்டியதில்லை. தினமும் போவது இரண்டு வழியில். முதலாவது, வடிகட்டியை எதிர்த்திசையில் கழுவி வெளியேற்றும் நீர்; அதற்கு ஈடாகப் புது நீர் விடுவார்கள். குளத்தில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு 30 லிட்டர் புது நீர் விட வேண்டும் என்பது குளப் பராமரிப்பில் வழக்கமான அளவு. 50 பேர் குளித்தால் 1,500 லிட்டர். (நீச்சல் குளத்தில் மூக்கைத் துளைக்கும் ‘குளோரின் வாடை’ சுத்தத்தின் அடையாளம் என்று நம்புகிறவர்கள் பலர். வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் கலந்து உண்டாகும் குளோரமின்களின் வாடை அது. வாடை தூக்கலாக இருந்தால் பலர் குளிக்காமலே இறங்கியிருக்கிறார்கள் என்று பொருள். இறங்கும் முன் ஒரு நிமிடம் ஷவரில் நின்றால் குளத்துக்குத் தேவைப்படும் புது நீரும் குறையும்.) இரண்டாவது வழி, ஆவியாதல். சென்னையில் திறந்த நீர்ப்பரப்பு நாளுக்குச் சராசரியாக 5, 6 மில்லிமீட்டர் இறங்கும். மாடியில் காற்று அதிகம், விளிம்புச் சுவரில் வழியும் நீரும் ஆவியாகும். ஆகவே குளத்தைக் குற்றம்சாட்டுகிறவருக்குச் சாதகமாகவே, ஆண்டு முழுவதும் நாளுக்கு 10 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். 150 சதுர மீட்டருக்கு அது 1,500 லிட்டர். இரண்டும் சேர்ந்து நாளுக்கு 3,000 லிட்டர், அதாவது கால் டேங்கர்.

இவ்வளவு அகன்ற நீர்ப்பரப்பு, தலைக்கு மேல் சென்னை வெயில், கடற்காற்று. பின் ஏன் ஆவியாவது இத்தனை குறைவு? தண்ணீர் சும்மா ஆவியாகாது, அதற்கு வெப்பம் என்ற கூலி கொடுத்தாக வேண்டும் என்பதுதான் விடை. சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் ஆவியாக சுமார் 2,430 கிலோஜூல் வேண்டும். வீட்டு மின்மீட்டர் கணக்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு யூனிட். சென்னையில் ஒரு சதுர மீட்டர் மேல் ஒரு நாள் முழுக்க விழும் வெயில் சராசரியாக 5 முதல் 5.5 யூனிட். அத்தனையும் ஆவியாக்கவே செலவானாலும் எட்டு லிட்டருக்கு மேல் போகாது. அதுதான் எட்டு மில்லிமீட்டர். சூடான காற்று இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஏரியோ, கோயில் தெப்பக்குளமோ, ஓட்டல் குளமோ, எதற்கும் இந்த வரம்பு உண்டு. எத்தனை லிட்டர் போகும் என்பதைத் தீர்மானிப்பது அங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதல்ல, எவ்வளவு வெப்பம் வந்து சேர்கிறது என்பது. மாடிக் குளத்துக்குக் கூலி கொடுக்க சூரியன் ஒருவன்தான் இருக்கிறான். கூலிங் டவருக்குக் கட்டடம் முழுவதும் கூலி கொடுக்கிறது: விளக்குகள், சமையலறை, கண்ணாடிச் சுவர், ஈரக்காற்று, 250 அறைகளில் தூங்குகிறவர்களின் உடம்புச் சூடு வரை.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. வீட்டு ஏசி அதை வெளிச்சுவரில் தொங்கும் பெட்டியின் விசிறியால் காற்றில் கொட்டும். பெரிய ஓட்டலில் அடித்தளத்திலோ மாடியிலோ சில்லர் என்ற ராட்சத இயந்திரம் வெப்பத்தைத் திரட்டி, குழாய் நீரில் ஏற்றி, கூலிங் டவருக்கு அனுப்புகிறது. டவர் வேறொன்றுமில்லை, விசிறி வைத்த மண்பானை. பானையின் மேனியில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருப்பதன் சூட்டைக் கூலியாக எடுத்துக்கொண்டு போவதுபோல, டவருக்குள் தூவப்படும் வெந்நீரில் ஒரு பங்கு ஆவியாகி மற்ற நீரைக் குளிர்விக்கிறது. இந்தத் தொழிலில் குளிரூட்டும் திறனை ‘டன்’ கணக்கில்தான் சொல்வார்கள். கடையில் ஒன்றரை டன் ஏசி கேட்டு வாங்குகிறோமே, அந்த டன் பனிக்கட்டியின் டன். அமெரிக்க டன்னான 907 கிலோ பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பமே ஒரு டன் குளிர். பனிக்கட்டியை வெட்டி விற்ற காலத்தின் எச்சம் அந்தச் சொல். அந்தக் காலத்துக்குச் சென்னைக் கடற்கரையில் ஒரு சாட்சியும் நிற்கிறது: பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் வெட்டிக் கப்பலில் அனுப்பிய பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது இழுக்கும் வெப்பம் 334 கிலோஜூல். ஒரு கிலோ நீர் ஆவியாகும்போது இழுப்பது அதைப்போல் ஏழு மடங்கு. கப்பலேறி வந்த 907 கிலோ செய்த வேலையை, சில்லர் ஓடுவதால் உண்டாகும் வெப்பத்தையும் சேர்த்து, சுமார் 150 லிட்டர் தண்ணீர் ஆவியாகிச் செய்து முடித்துவிடும். ஒரு டன்னுக்கு மணிக்கு ஆறு லிட்டர் என்பது இந்தத் துறையில் கைக்கணக்கு.

நம் ஓட்டலுக்கு வருவோம். நிறுவிய திறன் 400 டன் இருக்கலாம். இரவு பகல், மழை வெயில் எல்லாம் கலந்து சராசரியாக 250 டன் ஓடுகிறது என்று வைத்தால், நாளுக்கு 36,000 லிட்டர் ஆவியாகிப் போகிறது. கதை அதோடு முடியவில்லை. ஆவி போகும்போது உப்பைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. டவர் அருகே நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: காற்று நுழையும் சாய்வுப் பலகைகளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்த உப்புப் பொருக்கு, தொட்டால் உதிரும். உள்ளே தேனடைபோல மடித்த பிளாஸ்டிக் தகடுகளின் மேல் வெதுவெதுப்பான நீர் சலசலவென்று இறங்குகிறது. மேலே விசிறி, ஈரமூச்சை வானத்தில் ஊதித் தள்ளுகிறது. கீழ்த்தொட்டியில் மிதவை வால்வு எந்நேரமும் திறந்தே இருக்கிறது. உப்பு ஏறிக்கொண்டே போனால் தகடும் குழாயும் அடைத்துக்கொள்ளும் என்பதால் ஒரு பங்கை அவ்வப்போது திறந்துவிட்டுப் புது நீர் விடுவார்கள். அதற்கு ‘ப்ளோ டவுன்’ என்று பெயர். உப்பு நான்கு மடங்கு ஏறும்வரை பொறுத்தால் திறந்துவிடுவது 12,000 லிட்டர். கடலோரத்து ஆழ்துளைக் கிணற்று நீர்போல முதலிலேயே உப்பும் கடினமும் உள்ள நீர் என்றால் மூன்று மடங்குக்கு மேல் பொறுக்க முடியாது, திறந்துவிடுவது 18,000 ஆகும். குறைந்ததையே எடுத்துக்கொள்வோம். 36,000-உம் 12,000-உம் 48,000 லிட்டர், நான்கு டேங்கர். குளத்துக்குக் கால் டேங்கர், டவருக்கு நான்கு. ஆவியானதை மட்டும் பார்த்தாலும், 36,000 லிட்டரை நாளுக்கு 10 மில்லிமீட்டர் வீதம் இழக்க ஒரு ஏக்கருக்குச் சற்றே குறைந்த பரப்புள்ள குளம் வேண்டும். ஒரு கார் ஷெட் அளவு இடத்தில் அந்த ஏக்கரை மடித்து வைத்திருக்கிறார்கள்.

குளியலறைகள் இதைவிட அதிகம் எடுக்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். இந்தியக் கட்டட விதிகள் வீட்டில் ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்றும், உயர்நட்சத்திர ஓட்டலில் 320 லிட்டர் என்றும் கணக்கு வைக்கின்றன. 375 பேர் தங்கினால் 1,20,000 லிட்டர். டவரைப்போல் இரண்டரை மடங்கு. ஆனால் ‘பயன்படுத்திய நீர்’ வேறு, ‘தீர்ந்துபோன நீர்’ வேறு. ஷவரில் விழுந்த நீரும், சலவை இயந்திரத்தில் படுக்கை விரிப்பை அலசிய நீரும், உணவகத்தில் தட்டுக் கழுவிய நீரும் அழுக்காகின்றன. பெரும்பகுதி அதே கட்டடத்தின் சாக்கடைக் குழாயில் வந்து சேர்கிறது. அழுக்கை எடுத்தால் அது மறுபடி தண்ணீர். டவரிலிருந்து போனது வங்காள விரிகுடாவின் மேல் மேகமாகலாம், எங்கோ மழையாகலாம். ஓட்டலுக்குத் திரும்பி வராது. நகரத்தின் நீர்க்கணக்கில் கைவிட்டுப் போன நீர் எது என்று தேடினால், அந்தக் கட்டடத்தில் முதலிடம் டவருக்கே.

இன்னொரு ஆட்சேபம் இன்னும் கூர்மையானது: குளிர்சாதனம் அவசியம், குளம் ஆடம்பரம், இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? மே மாதச் சென்னையில் மூடிய கட்டடத்துக்குள் குளிரூட்டல் அவசியம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் 250 டன்னும் அவசியமா? மேற்குப் பார்த்த முழுக் கண்ணாடிச் சுவர் மாலை வெயிலை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்கிறது; காட்சி வேண்டும் என்பதற்காகக் கட்டியது அது. விருந்தினர் வெளியே போன அறை 18 டிகிரியில் கிடக்கிறது. திரும்பி வந்தவர் குளிர் தாங்காமல் கம்பளியைப் போர்த்திக்கொள்கிறார். நட்சத்திர முத்திரை பெற்ற வீட்டு ஏசிகள் 2020 ஜனவரி முதல் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் செயலகம். ஓட்டலின் மையக் குளிரூட்டலுக்கு அந்த விதி இல்லை. உணவகத்தின் கதை இன்னும் சுவையானது. தோசைக்கல்லுக்கும் தந்தூரி அடுப்புக்கும் மேலுள்ள புகைக்கூண்டு மணிக்கு ஆயிரக்கணக்கான கன மீட்டர் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப, பக்கத்து ஹாலில் குளிரூட்டிய காற்று சமையலறைக்குள் ஓடுகிறது. அதற்கு ஈடாகத் தெருவின் புழுக்கம் உள்ளே நுழைகிறது. 33 டிகிரி வெயிலில், 65 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் 23 கிராம் நீராவி இருக்கும். உள்ளே இதமாக இருக்க 12 கிராம் போதும். மிச்சத்தைப் பிழிந்தெடுப்பதும் சில்லரின் வேலை. புகைக்கூண்டுக்கென்று வெளிக்காற்றைத் தனியாகக் கொண்டுவந்து விட்டிருந்தால் அந்த வேலை மிச்சம். இவை எதுவும் அவசியத்தின் கணக்கில் வராது. குளத்தின் ஆடம்பரம் கண்ணில் படுகிறது, குளிரின் ஆடம்பரம் படுவதில்லை, வேறுபாடு அவ்வளவே.

அப்படியென்றால் தண்ணீரே கேட்காத, காற்றால் குளிரும் சில்லர்களை வைத்தால் என்ன? வைக்கலாம், பல ஓட்டல்கள் வைத்திருக்கின்றன. ஆனால் நனைந்த பொருள் காற்றின் வெப்பநிலைக்கும் கீழே குளிரும். வெளியே 38 டிகிரி அடிக்கும்போதும் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 27, 28 டிகிரிதான் காட்டும். டவர் வைத்த சில்லர் அந்த 28-ஐ நோக்கி வெப்பத்தைத் தள்ளுகிறது. டவர் இல்லாதது 38-ஐ நோக்கித் தள்ள வேண்டும். பள்ளத்தில் கொட்டுவதற்கும் மேட்டில் ஏற்றிக் கொட்டுவதற்கும் உள்ள வேறுபாடு. விளைவு, டன்னுக்கு மணிக்கு அரை யூனிட் கூடுதல் மின்சாரம். நம் ஓட்டலுக்கு நாளுக்கு 3,000 யூனிட். அந்த மின்சாரம் தரும், கடலோரத்தில் இல்லாத அனல் மின் நிலையத்திலும் கூலிங் டவர் உண்டு. ஒரு யூனிட்டுக்கு 3.5 லிட்டருக்கு மேல் நீர் எடுக்கக்கூடாது என்று 2015-ல் மத்திய அரசு வரம்பு வைத்தது. அந்த வரம்பையே கொண்டாலும் 10,500 லிட்டர். ஆக 48,000 போன இடத்தில் 10,500, அதுவும் வேறு ஊரில். தண்ணீர்க் கணக்கில் லாபம்தான். ஆனால் நிலக்கரி கூடுதலாக எரிகிறது, மின்கட்டணமும் ஏறுகிறது. ஓட்டல் முதலாளிக்குத் தண்ணீரைக் கொட்டுவதே மலிவாக இருக்கும்வரை டவர்தான் நிற்கும். அதை முற்றிலும் தவறு என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. டவரை ஒழிப்பதைவிட, அது குடிக்கும் தண்ணீரை மாற்றுவதில்தான் அர்த்தம் இருக்கிறது. குடிநீரின் தரம் அதற்குத் தேவையே இல்லை.

அதற்கான தண்ணீர் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. காற்றிலிருந்து பிழிந்தெடுத்த நீராவியை எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்கு மணிக்கு 60 கன மீட்டர் வெளிக்காற்று என்றால் 250 அறைகளுக்கு 15,000 கன மீட்டர். கன மீட்டருக்கு 10 கிராம் பிழிந்தாலும் மணிக்கு 150 லிட்டர், நாளுக்கு 3,600 லிட்டர். காய்ச்சி வடித்த நீரைப்போல் உப்பே இல்லாதது, போதாக்குறைக்குக் குளிர்ந்தது. குளத்தின் ஒரு நாள் தேவையைவிட அதிகமான இந்தத் தண்ணீர் பல கட்டடங்களில் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக நேரே சாக்கடைக்குப் போகிறது. மாடியில் ஒரு குளம் வசை வாங்கிக்கொண்டிருக்க, கீழே இன்னொரு குளம் ஓசையில்லாமல் வடிந்துகொண்டிருக்கிறது. இதைவிடப் பெரிய ஊற்று, குளியலறைகளிலிருந்து வரும் லட்சம் லிட்டர் கழிவு நீர். அதைச் சுத்திகரித்து டவருக்கு விடுவது புதிதல்ல. சிங்கப்பூர் 2003 முதல் கழிவு நீரைச் சுத்திகரித்து ‘நியூவாட்டர்’ என்ற பெயரில் தொழிற்சாலைகளுக்கும் கட்டடக் குளிரூட்டலுக்கும் கொடுக்கிறது. மரீனா பே பகுதியிலோ கட்டடத்துக்கு ஒரு டவர் என்ற வழக்கமே போய், பொது ஆலைகள் குளிர்ந்த நீரை நிலத்தடிக் குழாயில் பல கட்டடங்களுக்கு அனுப்புகின்றன. உலகமே படமெடுக்கும் அந்த 150 மீட்டர் குளத்தின் ஓட்டலும் அந்தக் கட்டடங்களில் ஒன்று. சென்னையிலும் 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவு நீரைச் சவ்வூடு வடிகட்டும் ஆலைகள் தொழிற்சாலைகளுக்காக இயங்கத் தொடங்கின.

சுத்திகரிப்பை ஏனோதானோ என்று செய்ய முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். 1976 ஜூலையில் பிலடெல்பியாவின் பெல்வியூ-ஸ்ட்ராட்ஃபோர்ட் ஓட்டலில் அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பின் மாநாடு நடந்தது. வந்தவர்களும் அருகில் நடமாடியவர்களுமாக 200-க்கும் மேற்பட்டோர் நிமோனியா போன்ற காய்ச்சலில் விழுந்தார்கள். 34 பேர் இறந்தார்கள். 1977 ஜனவரியில் ஜோசப் மெக்டேட் என்ற ஆய்வாளர் அதுவரை அறியாத பாக்டீரியம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதற்கு லீஜியோனெல்லா என்று பெயர் வந்தது. ஓட்டலின் கூலிங் டவரிலிருந்து பறந்த நுண்துளிகளே அதைப் பரப்பியிருக்கும் என்பது வலுவான சந்தேகம். வெதுவெதுப்பான, சத்துள்ள, தேங்கிய நீர் அதற்கு மிகவும் பிடிக்கும். ஆகவே கழிவு நீரை டவருக்கு விடுவதென்றால் அதிலுள்ள பாஸ்பேட்டையும் அம்மோனியாவையும் நீக்கி, கிருமிநாசினியை விடாமல் அளந்து ஊற்ற வேண்டும். செலவு உண்டு, ஆள் வேண்டும். ஆனால் நல்ல போர்வெல் நீர் விட்ட டவருக்கும் அந்தக் கவனிப்பு கட்டாயம்தான். பிலடெல்பியாவில் யாரும் சாக்கடை நீரை விடவில்லை.

மொத்தத்தை 250 அறைகளால் வகுத்துப் பாருங்கள். குளத்தில் ஓர் அறையின் பங்கு நாளுக்கு 12 லிட்டர். டவரில் ஓர் அறையின் பங்கு 192 லிட்டர்; வீட்டில் ஒருவர் குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்குமாக விதி ஒதுக்கியிருக்கும் 135 லிட்டரைவிட அதிகம். அடுத்த முறை அப்படியொரு ஓட்டலில் தங்கினால், வரவேற்பு மேசையில் கூலிங் டவருக்கு எந்தத் தண்ணீர் விடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பலர் கேட்டால் நிர்வாகத்தின் காதில் விழும். அறைத் திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஏசியை 25-க்குத் திருப்பிவிட்டு மாடிக்குப் போங்கள். ஷவரில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுக் குளத்தில் இறங்கலாம், தப்பில்லை.